முப்பத்தொரு கட்டைவிரல்களுக்கு ஒரு திறந்த மடல்

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். உங்களில் பலர் என்னை மகன் பெயரோடு 'அம்மா' என்று ஒட்டித்தான் போனில் சேமித்து வைத்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் நாற்காலி மடக்குகிறவள் என்றால் சட்டென்று நினைவு வரும். போன மாதம் நம் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். எங்கள் ஊர் விரிகுடாக் கரையில் இருக்கும் இயற்கை மையத்துக்குத் துணை நிற்கும் குழுவின் போர்டில் நான்கு இடம் காலி, விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள் என்று. 31 கட்டைவிரல்கள் வந்தன. ஏழு கைகூப்பல்கள். ஒருவர் 'கிரேட் இனிஷியேட்டிவ்' என்றார். இன்னொருவர் தனியாக வந்து, பிள்ளைக்கு வாலண்டியர் மணிநேரச் சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரித்தார். அதற்குள் யாரோ பொங்கல் விழாவுக்குப் பெரிய பானை இரவல் கேட்க, என் செய்தி மேலே போய் மறைந்தது.

ஆள் மட்டும் வரவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் கட்டைவிரலோடு நிறுத்தியிருப்பேன். அந்தப் போர்டில் என்னதான் செய்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் உங்களுக்குச் சொன்னதில்லை. நாலு வரிச் செய்தியில் அது அடங்காது என்பதால் இந்த நீளம்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது பறவைகளைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். பைனாகுலர்கூட எடுத்துப் போயிருந்தேன், இரவு ஏழு மணிக் கூட்டத்துக்கு! அவர்கள் நாற்பது நிமிடம் ஒரு ஃபிரீசரைப் பற்றிப் பேசினார்கள். பின்னறையில் இருக்கும் பழைய ஃபிரீசர் உருகுகிறது, பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஆந்தை" என்றார் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏதோ அரைக்கிலோ பச்சைப் பட்டாணி இருக்கிறது என்பதைப் போல. கண்ணாடியில் மோதியும் வண்டியில் அடிபட்டும் செத்த பறவைகள் அவை. பாடம் செய்து பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். 1918இல் வந்த வலசைப் பறவைச் சட்டப்படி, இந்த நாட்டுக் காட்டுப் பறவைகள் பெரும்பாலானவற்றின் ஓர் இறகைக்கூட நாம் வைத்திருக்கக் கூடாது, தரையில் கிடந்ததைப் பொறுக்கியதாக இருந்தாலும். ஒரு காலத்தில் சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்கினங்களைக் கொன்று குவித்த ஊர் இது. கையில் இருக்கும் இறகு உதிர்ந்ததா பிடுங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் ஒட்டுமொத்தமாகத் தடை. உங்கள் பிள்ளை ஆசையாகப் பொறுக்கி வந்த இறகைத் திருப்பிப் போடச் சொன்னாரே ஒரு பாட்டி, அவர் கடுகடுப்பானவர் இல்லை. இதைத்தான் சொல்ல வந்திருப்பார். அதற்குள் நாம் பிள்ளையை இழுத்துக்கொண்டு போயிருப்போம்.

ஃபிரீசர் புதிதே வாங்கினோம். போர்டில் என் முதல் வாக்கு அதற்குத்தான்.

இந்தக் குழு என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடமும் அங்கே வேலை பார்க்கும் இயற்கை வழிகாட்டிகளும் நகராட்சியின் பொறுப்பு. ஆனால் பள்ளிகளை அழைத்துவரப் பேருந்து, மைக்ரோஸ்கோப்பு, தன்னார்வலர் பயிற்சி, கோடையில் வேலை கற்க வரும் கல்லூரிப் பிள்ளைக்குச் சிறு தொகை ஆகியவற்றுக்கு நகராட்சிக் கணக்கில் தலைப்பே கிடையாது. வரவுசெலவு இறுகினால் முதலில் வெட்டு விழுவதும் மையம் திறந்திருக்கும் நாட்களில்தான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் நாங்கள். நம் ஊர்ப் பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் எப்படியோ, அப்படி. யாருக்கும் சம்பளம் இல்லை. ஒன்பது இடம், மாதம் ஒரு கூட்டம்.

இனி பேருந்துக் கதை. எங்கள் வருடத்தில் பாதி அதிலேயே போகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளைத்தான் தேடித் தேடி அழைக்கிறோம். அவை கரையிலிருந்து சில மைல் தொலைவில்தான் இருக்கின்றன. நடுவில் 880 நெடுஞ்சாலை. அதைத் தாண்டப் பேருந்து வேண்டும், ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு இலக்க டாலர் கேட்கிறார்கள். பணத்தை எப்படியோ திரட்டிவிடுவோம். வசந்த காலத்தில் நாட்டுச் செடிகள் விற்போம், நன்கொடைக் கடிதம் எழுதுவோம், அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் போடுவோம். அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல்.

பிள்ளைகள் சேற்றைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் வற்றியிருக்க வேண்டும். கடல் நிலவைப் பார்த்து நடக்கிறது, வற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பள்ளியோ மணியைப் பார்த்து நடக்கிறது. பேருந்துக் கம்பெனிக்கோ மாலையில் பள்ளி விடும் நேரத்துக்கு வண்டி திரும்பியாக வேண்டும், அதனால் ஒன்றரைக்குள் விட்டுவிடு என்பார்கள். ஆக, காலை பத்துக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் கடல் வற்றும் வேலைநாள் எது? அன்று மாநிலத் தேர்வு இல்லாமல் இருக்க வேண்டும், வழிகாட்டி விடுப்பில் இல்லாமல் இருக்க வேண்டும், வண்டியும் கிடைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது இதைவிட எளிது. நல்ல வற்றம் காலை வேளையில் வருவது இந்தக் கரையில் வசந்த காலத்தில்தான்; குளிர்காலத்தில் அது பிற்பகலுக்கு ஓடிவிடும். இதையெல்லாம் எக்ஸெலில் கட்டம் போட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், நாகப்பட்டினத்துக்காரர், எட்டிப் பார்த்துவிட்டு, "அமாவாசை பௌர்ணமியை ஒட்டிப் பாரேன், அப்பதானே நல்லா வத்தும்" என்றார். சுவரில் மாட்டியிருந்த தமிழ் நாள்காட்டியைக் கழற்றி எக்ஸெலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றிலிருந்து போர்டுக் கூட்டத்துக்கும் ஒரு நாள்காட்டி போகிறது. மண் பரிசோதனை எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தலைவர் அதில் கறுப்பு வட்டத்தையும் வெள்ளை வட்டத்தையும் தானாகவே தேடக் கற்றுக்கொண்டுவிட்டார். ராகு காலம் எதற்கு என்று ஒருநாள் கேட்டார், சமாளித்துவிட்டேன்.

வண்டி வந்து நின்றதும் பாதிப் பிள்ளைகள் இறங்க மாட்டார்கள். வெள்ளை ஷூ! அதற்காகவே ரொட்டி வரும் பிளாஸ்டிக் பைகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம், ஷூவுக்கு மேலே கட்டிவிட. கால் மணி நேரத்தில் அந்தப் பைகள் கிழிந்து தொங்கும். எதிலும் ஒட்டாமல் நின்றிருந்த பையன் முழங்காலிட்டு, லென்ஸை மூக்கில் இடித்துக்கொண்டு, தான் கண்டுபிடித்தது புழுதான், இல்லை இறால்தான் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பான்.

அதைப் பார்க்க எனக்கு வருடத்தில் நாலு நாள்தான் வாய்க்கும். மீதி நாள் காகிதம். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் குழுக்கள் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு 990-என் என்று ஒரு சின்னப் படிவம் அனுப்ப வேண்டும். எட்டே விவரம், பத்து நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று வருடம் அனுப்பாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குத் தனிப் படிவம், மாநில வரித்துறைக்குத் தனி. நான் செயலாளராக வந்தபோது இரண்டு வருடம் விட்டிருந்தது. யாரும் களவாடவில்லை, சோம்பேறியும் இல்லை. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் ஒரு முன்னாள் தலைவரின் வீட்டு விலாசத்துக்குப் போயிருந்தன. அவரோ வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். மூன்றாவது வருடத்துக்கு ஐந்து வாரம் இருந்தபோது அதைப் பிடித்தோம். வரிவிலக்கு போயிருந்தால் அறக்கட்டளைப் பணம் நின்றிருக்கும், பேருந்து நின்றிருக்கும். நான் செய்தது ஒரு தபால் பெட்டி எடுத்து விலாசத்தை மாற்றியதுதான். ஆறு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சான்றிதழ் கேட்டவருக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்கும். உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பேர் வருகிறார்கள். சனிக்கிழமை காலை களை பிடுங்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள், நன்றாகவே உழைக்கிறார்கள். நான் பார்ப்பது வண்டி நிறுத்துமிடத்தை. அங்கே மின்சாரக் காருக்குள் மடியில் லேப்டாப்போடு அப்பாவோ அம்மாவோ இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. ஐம்பது அடி தள்ளிக் கூழைக்கடாக்கள் இருபது முப்பதாக வரிசை கட்டி மீனை வளைத்துக்கொண்டிருக்கும். கல்லூரி விண்ணப்பத்துக்கு மணிக்கணக்கு சேர்ந்ததும் பிள்ளையும் வராது, காரும் வராது. குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அப்படி ஒரு காரில் உட்கார்ந்திருந்தவள்தான். கழிவறை தேடி உள்ளே போனவளைப் பிடித்து அந்த ஆசிரியை ஒரு தேநீர் கொடுத்தார், அதோடு சரி.

தேநீர் என்றதும் இன்னொரு தேநீர்க் கதை ஞாபகம் வருகிறது, இந்தக் கரை முழுக்கவே அதன்மேல்தான் நிற்கிறது. நீங்கள் ஓடுகிற, சைக்கிள் விடுகிற கரையோரப் பாதைகள் எப்போதும் இருந்தவை என்று நான் நினைத்திருந்தேன். 1950களில் விரிகுடாவைத் தூர்ப்பதுதான் வளர்ச்சி. குப்பையைக் கொட்டினார்கள், மண்ணைக் கொட்டினார்கள். பெர்க்லி நகரமே ஊரை இரட்டிப்பாக்கத் தண்ணீரில் 2,000 ஏக்கரை நிரப்பத் திட்டம் வைத்திருந்தது. 1959 டிசம்பரில் ஓக்லண்ட் டிரிப்யூன் ஒரு வரைபடம் போட்டது. இப்படியே போனால் 2020இல் விரிகுடா ஓர் ஆறு போலச் சுருங்கியிருக்கும் என்று அதில் தெரிந்தது. அதைப் பார்த்துக் கலங்கித் தேநீர் வேளையில் பேசிக்கொண்டவர்கள் மூன்று பெண்கள், கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக். 1961இல் அவர்கள் அன்றைய பெரிய இயற்கை அமைப்புகளின் தலைவர்களை எல்லாம் வீட்டுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள், கட்டாயம் யாராவது செய்ய வேண்டிய காரியம் என்று. ஆனால் காட்டுப் பாதைகளைப் பார்ப்பவர்களுக்குக் காட்டில் வேலை, ரெட்வுட் மரங்களைக் காப்பவர்களுக்கு மரத்தில் வேலை, பறவைக்காரர்களுக்குப் பறவையில் வேலை. புதிதாக ஒரு சங்கம் தொடங்குங்கள் என்று சொல்லி, வாழ்த்திவிட்டு, வரிசையாக வெளியே போனார்கள்.

அந்த 31 கட்டைவிரல்களையும் பார்த்தபோது எனக்கு அந்த வாசற்படிதான் ஞாபகம் வந்தது.

மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் சந்தா வைத்து ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் கொடுத்துவிட்டுப் போன உறுப்பினர் முகவரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். 1965இல் தூர்ப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்து ஒரு தற்காலிக ஆணையம் அமைந்தது, 1969இல் அந்த ஆணையம் நிரந்தரமானது. 1972இல் தென்கரையில் தேசிய வனவிலங்குப் புகலிடம் பிறந்தது. 2003இல் 16,500 ஏக்கர் உப்பளத்தைப் பொதுப்பணத்தோடு தனியார் நன்கொடையும் சேர்த்து 10 கோடி டாலருக்கு வாங்கினார்கள். விமானம் இறங்கும்போது சிவப்பும் ஆரஞ்சுமாகக் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அந்த உப்பளங்கள்தான். கரைகளை வெட்டிக் கடலை உள்ளே விட்டு அவற்றில் ஒரு பகுதி மறுபடி சதுப்பாகிக்கொண்டிருக்கிறது. வீடு வாங்கியவர்கள் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 2016இல் ஒன்பது கவுண்டிகளும் வாக்களித்து ஏற்றுக்கொண்ட 12 டாலர் ஒரு வரியாக இருக்கும், விரிகுடாச் சதுப்பை மீட்பதற்கு. அந்த வகையில் நீங்கள் ஏற்கெனவே பங்குதாரர்தான்.

நான் வேளச்சேரிக்காரி. என் முதல் வேலை ஓ.எம்.ஆரில். எங்கள் மாடி ஜன்னலில் ஒருபக்கம் பள்ளிக்கரணை, இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகை. ஒருநாள் மதியம் தூரத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. காற்றில் பறக்கும் கேரி பேக் என்றான் நண்பன். பூநாரைகள். கையைத் துடைத்துவிட்டு மறுபடி கணினியில் உட்கார்ந்தோம். அந்தச் சதுப்பைக் காப்பாற்ற அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் அப்போதே மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடானதிலும் 2022இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியதிலும் அவர்கள் பங்கு பெரிது. நான் ஒரு மனுவில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. கடல் தாண்டி வந்து பார்த்தால் இங்கேயும் சதுப்பின் விளிம்பில்தான் கம்பெனிகள் உட்கார்ந்திருக்கின்றன. அதே தட்டை நிலம், அதே உப்பு வாடை. தரையில் உமரிச் செடி. இங்கே அதை ஊறுகாய்ச் செடி என்ற பொருளில் அழைக்கிறார்கள். அதைத் தின்று, உப்புத் தண்ணீர் குடித்துப் பிழைக்கும் ஒரு குட்டி எலி இருக்கிறது. இந்த விரிகுடாவின் சதுப்புகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது.

சரி, உங்கள் தயக்கங்கள். பறவை பெயர் தெரியாதே என்கிறீர்கள். எங்கள் பொருளாளருக்கு ஆறு பறவைதான் தெரியும், அதில் ஒன்று காக்கை. எங்களுக்கு வேண்டியது கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், இணையதளத்தைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர், விண்ணப்பத்தின் கெடு தேதியை மறக்காதவர். உங்களில் பாதிப்பேர் அலுவலகத்தில் அதைத்தான் செய்கிறீர்கள். விசா பயம் இருந்தால், சம்பளமே இல்லாத தன்னார்வப் பணிக்குப் பொதுவாகத் தடை இல்லை; இருந்தாலும் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கில உச்சரிப்பு பற்றிக் கவலையே வேண்டாம், என் உச்சரிப்புக்குப் பழகிய காதுகள் எதையும் தாங்கும்.

எல்லாம் இனிமையாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். லோகோவில் கொக்கு இடதுபக்கம் பார்ப்பதா வலதுபக்கம் பார்ப்பதா என்று மூன்று கூட்டம் நடத்தியிருக்கிறோம். வரவேற்புப் பலகையில் ஸ்பானிஷ், சீனம், தமிழ், இந்தி சேர்க்க நான் கொண்டுவந்த தீர்மானம் பதினான்கு மாதம் இழுத்தது. எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாளைக்கு அதில் பிழை இருந்தால் யார் பார்ப்பது என்று கேட்டார்கள். எனக்கு அன்று சுருக்கென்றது. பிறகு அச்சாகி வந்த பலகையில் புள்ளியை விழுங்கிவிட்டு 'நலவரவு' என்று இருந்தது. வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போய் நானே புள்ளி வைத்தேன். அடுத்த முறை வந்தால் பாருங்கள், கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இதெல்லாம் நமக்குப் புதிதா? எண்ணூறு பேருக்குப் பொங்கலும் வடையும் சூடு ஆறாமல் போடத் தெரிந்தவர்கள் நாம். பள்ளி அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, காப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி, இரவு பதினொரு மணிக்குத் தரையைத் துடைத்து ஒப்படைக்கிறோம். ஒரு தேர்தல் நடத்தி ஒரு சங்கத்தை இரண்டாக உடைக்கவும் நமக்குத் தெரியும், அதற்கும் துணைவிதிகளைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் அல்லவா! அந்தத் திறமையில் எட்டில் ஒரு பங்கை வேலிக்கு வெளியே கொண்டுவாருங்கள் என்கிறேன். இந்த ஊரில் நம் பிள்ளைகள் பிறந்து பதினைந்து வருடம் ஆகிறது. விருந்தாளி மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்கு அது கொஞ்சம் அதிக காலம்.

இனி விவரம். மாதத்தின் இரண்டாம் செவ்வாய், இரவு ஏழு மணி, ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் மாதம் நாலைந்து மணி நேர வேலை, செடி விற்பனை மாதத்தில் இரட்டிப்பு. முதலில் இரண்டு கூட்டம் சும்மா வந்து உட்காரலாம், பிடிக்காவிட்டால் யாரும் துரத்திப் பிடிக்க மாட்டோம். முன்வாசலை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள், உமரி வளர்ந்த பக்கமாகச் சுற்றிப் பின்வாசலுக்கு வாருங்கள். டார்ச் எடுத்து வாருங்கள், பலகைப் பாலத்தில் இரண்டு பலகை ஆடும்.

ஒன்பது இடத்தில் இப்போது ஐந்து பேர் இருக்கிறோம். கூட்டம் செல்ல ஐந்து பேர் வேண்டும், அதைக் கோரம் என்கிறார்கள். சில கூட்டங்களில் தமிழ்ப் பொருளும் பொருந்தும். ஜனவரிக் கூட்டத்தில் வசந்த காலத்துப் பேருந்துகளுக்கு முன்பணம் கட்ட வாக்கெடுக்க வேண்டும். அன்று காலைதான் எங்கள் ஆசிரியைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. மயக்கம் தெளிந்ததும் மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே ஜூமில் வந்து கை தூக்குகிறேன் என்கிறார். அவருக்கு வயது 78.

அன்புடன்,
செயலாளர்
(நாற்காலி மடக்குகிறவள்)